சின்னம்மை ஆறும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சின்னம்மை வந்த குழந்தைக்குக் காய்ச்சல் விட்டதுமே பெற்றவர்களுக்குப் பாதி பாரம் இறங்கிவிடும். மிச்சப் பாதி, "முகத்தில் தழும்பு நின்றுவிடுமோ" என்ற கவலை. அந்தக் கவலையில் ஆளுக்கு ஒன்றைச் சொல்ல, கைக்குக் கிடைத்ததையெல்லாம் குழந்தையின் தோலில் பூசத் தொடங்குகிறோம். நானும் அப்படித்தான் தொடங்கினேன்.

தடுப்பூசி போடாத குழந்தைக்கு உடம்பெங்கும் 250 முதல் 500 கொப்புளங்கள் வரை வரலாம். பார்க்கவே பயமாக இருக்கும். ஆனால் கொப்புளம் உண்டாவது தோலின் மேலடுக்கில். அந்த அடுக்கு தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளக் கூடியது. சும்மா விட்டால் பெரும்பாலானவை வடு இல்லாமலே ஆறிவிடும். நகம் பட்டோ, கிருமி புகுந்தோ புண் அதற்கும் கீழே உள்ள அடுக்கைத் தொடும்போதுதான் பள்ளம் விழுகிறது. எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஒன்றிரண்டு ஆழமாகப் போகத்தான் செய்யும். மற்றவற்றை ஆழமாகப் போகவிடாமல் காப்பதுதான் நம் வேலை.

பக்கைப் பிய்ப்பது

எல்லாத் தவறுகளிலும் பெரியது இதுதான். முதல் கொப்புளம் தோன்றி ஐந்து முதல் ஏழு நாட்களில் எல்லாம் பக்குக் கட்டிவிடும். அது உதிர இன்னும் ஒன்றிரண்டு வாரம் ஆகும், சில இடங்களில் அதற்கு மேலும். ஓரம் தூக்கிக்கொண்டு நிற்கும் பக்கைப் பார்த்தால் பெரியவர்களுக்கே கை துறுதுறுக்கும். "லேசாகத்தானே ஒட்டிக்கொண்டிருக்கிறது" என்று இழுத்தால், ஓரம்தான் விட்டிருக்கும். நடுவில் தோல் இன்னும் மூடியிருக்காது.

பக்கு இருக்கும்வரை நோய் பரவும் என்று சிலர் அவசரப்படுவார்கள். பெரியம்மையின் பக்கில்தான் கிருமி உயிரோடு இருந்தது. சின்னம்மையில் எல்லாக் கொப்புளமும் காய்ந்து பக்குக் கட்டிவிட்டால், புதிதாகவும் எதுவும் வரவில்லை என்றால், தொற்று முடிந்தது. ஆகவே பள்ளிக்கு அனுப்புவதற்காகப் பக்கை உதிர்க்க வேண்டியதே இல்லை.

வேண்டுமென்று பிய்க்காவிட்டாலும் தெரியாமல் பிய்த்துவிடுகிறோம். பதினோராம் நாள் என் மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். அப்போது அவளுக்கு நான்கு வயது. இடது நெற்றியில், முடி தொடங்கும் இடத்தில் ஒரு பக்கு இருந்ததை நான் கவனிக்கவில்லை. சீப்பின் பல் மாட்டி, பக்கு முழுசாக வந்துவிட்டது. அடியில் ஈரமான இளஞ்சிவப்புக் குழி, நடுவில் ஒரு பொட்டு ரத்தம். அவள் அழவில்லை, தொட்டுப் பார்த்துவிட்டு விரலை என்னிடம் நீட்டினாள். அன்றிலிருந்து விரலால் கோதிவிடுவதோடு சரி. தலை வழியாக மாட்டும் பனியன்களை எடுத்து வைத்துவிட்டு, முன்பக்கம் பொத்தான் வைத்த பருத்திச் சட்டைகளாகப் போட்டேன். பனியனைக் கழற்றும்போது காதோரப் பக்குகள் எத்தனை பிய்ந்திருக்கும் என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது.

காயட்டும் என்று விட்டுவிடுவது

புண் காய்ந்தால்தான் ஆறும் என்று நாம் நம்புகிறோம். 1962இல் ஜார்ஜ் வின்டர் என்ற ஆய்வாளர், பன்றிகளின் தோலில் சிறு காயங்கள் உண்டாக்கிச் சிலவற்றை மூடி ஈரப்பதத்தோடு வைத்தார். சிலவற்றைத் திறந்து காயவிட்டார். ஈரமாக இருந்தவற்றில் புதுத்தோல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் மூடியது. காரணம் எளிது: வறண்ட பக்குக்கு அடியில் புதுத்தோல் வழி தேடித்தான் நகர வேண்டும், ஈரமான பரப்பில் நேராக நகர்ந்துவிடும்.

இதற்காகப் புண்ணை நனைத்தே வைக்க வேண்டியதில்லை. கொப்புளம் நீராக இருக்கும்போது தொடாமல் விடுங்கள். பக்குக் கட்டிய பிறகு, மணமில்லாத பெட்ரோலியம் ஜெல்லியைக் கை கழுவிவிட்டு மெல்லியதாகத் தடவினால் போதும். பக்கு இளகும், அரிப்பும் குறையும். நீராக இருக்கும் கட்டத்தில் உதவும் காலமைன் லோஷனைப் பக்கு மேலேயும் அடுக்கிக்கொண்டே போவார்கள். அது காய்ந்து, வெடித்து, பக்கையும் சேர்த்து இழுக்கும். முகப்பவுடரும் வேண்டாம், ஈரத்தில் கட்டியாகி ஒட்டிக்கொள்ளும்.

குளிக்க வைக்காமல் இருப்பது

தண்ணீர் பட்டால் அம்மை அதிகமாகாது, பரவாது. அழுக்கும் வியர்வையும் தங்கினால்தான் கிருமி புகும். வெதுவெதுப்பான நீர், சில நிமிடங்கள், மென்மையான சோப்பு கொஞ்சம். சுடுநீர் அரிப்பைக் கிளப்பும். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். டயபர் போடும் குழந்தையென்றால் அதை அடிக்கடி மாற்றி, முடிந்தபோதெல்லாம் காற்றாட விடுங்கள்.

கிருமிநாசினியையும் களிம்பையும் நம்பிப் பூசுவது

ஹைட்ரஜன் பெராக்சைடும் ஸ்பிரிட்டும் கிருமியோடு சேர்த்துப் புதிதாக வளரும் செல்களையும் கொல்லும். தண்ணீரும் சோப்பும் போதும். அரிப்புக்கென்று விற்கும் சில களிம்புகளில் டைஃபென்ஹைட்ரமைன் என்ற ஒவ்வாமை மருந்து இருக்கும். உடைந்த தோலில் பரவலாகப் பூசினால் அது ரத்தத்தில் கலந்து, குழந்தைக்குப் பிதற்றலும் படபடப்பும் உண்டாகலாம். ஸ்டீராய்டு கலந்த களிம்பை வீட்டில் மிச்சம் இருக்கிறதே என்று எடுக்கவே கூடாது.

வாய்வழி மருந்திலும் இதே கவனம் வேண்டும். ஆஸ்பிரின் கொடுத்தால் ரேய் சிண்ட்ரோம் என்ற ஆபத்தான மூளை, கல்லீரல் பாதிப்பு வரக்கூடும். ஐபுபுரூஃபனை அம்மை நேரத்தில் கொடுத்த குழந்தைகளிடம் தோலின் ஆழத்தில் கடுமையான கிருமித்தொற்று பதிவாகியிருப்பதால், மருத்துவர் சொல்லாமல் அதுவும் வேண்டாம். காய்ச்சலுக்குப் பாரசிட்டமால், அளவு வயதைப் பார்த்து அல்ல, எடையைப் பார்த்து.

"சொறியாதே" என்று அதட்டுவது

நான்கு வயதுக் குழந்தையிடம் இது எடுபடாது. தூக்கத்தில் சொறிவதை யார் அதட்டுவது? இரண்டு நாளுக்கு ஒருமுறை நகத்தை வெட்டி, முனையை அரத்தால் மழுக்கிவிடுங்கள். கைக்குழந்தைக்கு இரவில் பருத்திக் கையுறை. போர்த்திப் புழுங்க வைத்தால் அரிப்பு இரட்டிப்பாகும். அறை குளுமையாக இருக்கட்டும். என் மகளிடம் பலித்தது ஒன்றுதான்: அரிக்கிற இடத்தில் நனைத்த துணியை வைத்து, மெதுவாகப் பத்து எண்ணுவது. ஏழு வரும்போது பெரும்பாலும் கவனம் வேறெங்கோ போயிருக்கும். தூக்கமே கெடுகிற அளவுக்கு அரித்தால், வாய்வழி மருந்து வேண்டுமா என்று மருத்துவரைக் கேட்கலாம்.

நிறத்தைத் தழும்பென்று நினைப்பது

பக்கு உதிர்ந்த இடம் முதலில் சிவந்தோ வெளுத்தோ இருக்கும், பிறகு கறுக்கும். மாநிறமும் கறுப்புமான தோலில் இது இன்னும் எடுப்பாகத் தெரியும். விரலால் தடவிப் பாருங்கள். சமதளமாக இருந்தால் அது தழும்பு அல்ல, நிற மாற்றம். சில மாதங்களில், சிலருக்கு ஓராண்டுக்குள், மங்கிவிடும். வெயில் பட்டால் இன்னும் அழுத்தமாகும் என்பதால் தொப்பி, நிழல் இரண்டும் முக்கியம். ஆறு மாதம் தாண்டிய குழந்தைக்கு, புண் மூடிய பிறகு, துத்தநாக ஆக்சைடு உள்ள சன்ஸ்கிரீன் பூசலாம்.

எலுமிச்சைச் சாறு பூசிய தோல் வெயிலில் வெந்துபோகும். நிறம் வெளுக்க வைக்கும் கிரீம்கள் குழந்தைக்குக் கூடவே கூடாது. சிலவற்றில் ஸ்டீராய்டும் பாதரசமும்கூட இருக்கும். வைட்டமின் ஈ எண்ணெயின் மேல் எனக்கும் நம்பிக்கை இருந்தது. 1999இல் வந்த ஒரு சிறிய ஆய்வில், அறுவைசிகிச்சைத் தழும்புகளை அது மேம்படுத்தவில்லை, மூன்றில் ஒருவருக்கு ஒவ்வாமைத் தடிப்பு வந்தது என்று படித்த பிறகு விட்டுவிட்டேன்.

காய்ச்சல் விட்டு மறுபடி ஏறினாலும், ஒரு புண்ணைச் சுற்றிச் சிவப்பும் சூடும் பரவினாலும், சீழ் வைத்தாலும், பார்வைக்குத் தெரிவதைவிட வலி அதிகமாக இருந்தாலும் களிம்பு தேடாமல் அன்றே மருத்துவரிடம் போங்கள். கண்ணுக்குள் கொப்புளம், மூச்சுத் திணறல், நடையில் தள்ளாட்டம், எழுப்ப முடியாத தூக்கம் என்றால் உடனே.

பள்ளம் விழுந்ததா என்பதை ஓராண்டு கழித்துப் பார்ப்பதுதான் நியாயம். அதுவரை தோல் உள்ளுக்குள் வேலை செய்துகொண்டே இருக்கும். தினமும் பார்க்கும் கண்ணுக்கு மாற்றம் தெரியாது. கடைசிப் பக்கு உதிர்ந்த நாளில் ஒரே ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு படம், பிறகு மூன்று மாதத்துக்கு ஒன்று என எடுத்து வைத்தேன். நான்காவது படத்தில் கன்னம் துடைத்துவிட்டது போல இருக்கிறது. முடியோரத்தில், சீப்பு மாட்டிய இடத்தில் மட்டும் மிளகு அளவில் ஒரு குழி.