ஏ.என்.எம். முடித்தவர்கள் ஸ்டாஃப் நர்ஸ் ஆகப் படிக்கச் செல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம், பேரையூர்ப் பக்கங்களிலிருந்து மதுரை நகரத்துத் தனியார் மருத்துவமனைகளுக்கு வந்து ஐந்து, பத்து ஆண்டுகளாக வேலை பார்க்கும் பெண்களில் பலர் ஏ.என்.எம். என்ற துணைச் செவிலியர் படிப்பைப் படித்தவர்கள். வார்டில் ஸ்டாஃப் நர்ஸ் செய்யும் வேலையில் பெரும்பகுதியை அவர்களும் செய்கிறார்கள். சம்பளச் சீட்டிலும் கேஸ் ஷீட்டில் கையெழுத்துப் போடும் உரிமையிலும்தான் வேறுபாடு இருக்கிறது. அந்த வேறுபாட்டைப் போக்கிக்கொள்ள வேண்டும் என்று ஒரு நாள் முடிவெடுத்துக் கல்லூரிக்கு வருகிறார்கள். நர்சிங் மாணவிகளுக்குப் பாடம் நடத்துபவள் என்ற முறையில் என்னிடம் யோசனை கேட்டு வருபவர்களில் முக்கால்வாசிப் பேர் எங்கோ முன்பணம் கட்டிவிட்டுத்தான் வருகிறார்கள். செய்யக்கூடிய தவறுகளில் பெரியவை வகுப்பின் முதல் நாளுக்கு முன்பே செய்யப்பட்டுவிடுகின்றன.

முதலாவது, தன் கையில் இருப்பது எந்தச் சான்றிதழ் என்று பார்க்காமலேயே கிளம்புவது. ஏ.என்.எம். என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் பாடத்திட்டப்படி இரண்டு ஆண்டுகள் படித்து, தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் கவுன்சிலில் பதிவு செய்துகொள்ளும் படிப்பு. நர்சிங் அசிஸ்டென்ட், ஹெல்த் அசிஸ்டென்ட், நர்சிங் எய்டு என்ற பெயர்களில் மாடிக் கட்டடங்களில் ஓராண்டு, ஆறு மாதம் என்று நடத்தப்படும் படிப்புகளுக்கு அந்தப் பதிவு கிடையாது. இரண்டையும் படித்தவர்கள் ஒரே நிறச் சீருடையில் ஒரே வார்டில் நிற்பதால், தாமும் ஏ.என்.எம். தான் என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. கவுன்சில் பதிவு எண் இருந்தால் நீங்கள் பதிவு பெற்ற துணைச் செவிலியர். இல்லையென்றால் எத்தனை ஆண்டு அனுபவம் இருந்தாலும் மேற்படிப்புக்கு உங்கள் தகுதி பிளஸ் டூ சான்றிதழ் மட்டுமே. கேட்பதற்குக் கசப்பாக இருந்தாலும், மூன்று ஆண்டுக் கட்டணத்தைக் கட்டிய பிறகு இதைத் தெரிந்துகொள்வதைவிட இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

இரண்டாவது தவறு, 'ஏற்கெனவே இரண்டு வருஷம் படித்திருக்கிறேன், நேராக இரண்டாம் ஆண்டில் சேர்த்துக்கொள்வார்கள்' என்று எண்ணுவது. அமெரிக்காவில் நம் துணைச் செவிலியருக்கு ஏறத்தாழ நிகரான பிராக்டிகல் நர்ஸ்கள், முன்பு படித்த பாடங்களைக் கழித்துக்கொண்டு குறைந்த காலத்தில் ரெஜிஸ்டர்டு நர்ஸ் ஆவதற்கென்றே இணைப்புப் படிப்புகள் இருக்கின்றன. அவற்றைப் பற்றிய காணொளிகளைப் பார்த்துவிட்டு வருபவர்கள் அதே வசதி இங்கும் உண்டு என்று நினைத்துவிடுகிறார்கள். இங்கே அப்படி இல்லை. பதிவு பெற்ற ஏ.என்.எம். ஒருவர் தேர்ச்சி மதிப்பெண் இருந்தால் போதும், ஸ்டாஃப் நர்ஸ் ஆவதற்கான ஜி.என்.எம். பட்டயப் படிப்பில் சேரலாம்; மற்றவர்களுக்கு 35 வயது என்று கவுன்சில் வைத்திருக்கும் மேல் வரம்பும் அவருக்குப் பொருந்தாது. ஆனால் முதலாம் ஆண்டிலிருந்து மூன்று ஆண்டுகளையும் முழுமையாகப் படித்தாக வேண்டும். சலுகை சேர்க்கையில்தான், படிப்புக் காலத்தில் இல்லை. 'லேட்டரல் என்ட்ரி வாங்கித் தருகிறோம்' என்று சொல்லும் ஏஜென்ட் யாராக இருந்தாலும் அவரிடம் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

இதோடு ஒட்டியதுதான் வழியைத் தவறாகக் கணக்கிடுவது. ஜி.என்.எம். மூன்று ஆண்டுகள். அதை முடித்துப் பதிவு செய்தவர்களுக்கான போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. நர்சிங் இரண்டு ஆண்டுகள். ஆக, பட்டம் வேண்டுமென்றால் இந்த வழியில் ஐந்து ஆண்டுகள். பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்து, பொதுப் பிரிவினருக்கு உரிய 45 விழுக்காட்டை எட்டியவர் நேரடியாகப் பி.எஸ்சி. நர்சிங் சேர்ந்தால் நான்கே ஆண்டுகள். அறிவியல் பிரிவில் படித்திருந்தும், 'ஏ.என்.எம்.முக்கு அடுத்தது ஜி.என்.எம்.' என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஓராண்டைக் கூடுதலாகச் செலவழிப்பவர்களை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். கலைப் பிரிவிலோ தொழிற்கல்விப் பிரிவிலோ படித்தவர்களுக்கு ஜி.என்.எம். தான் வழி, அதில் குறையொன்றும் இல்லை. ஸ்டாஃப் நர்ஸ் பணிக்கான பதிவு இரண்டு படிப்புக்கும் ஒன்றே. பத்தாம் வகுப்போடு ஏ.என்.எம். படித்த மூத்தவர்கள் மட்டும், பிற்பாடு போஸ்ட் பேசிக் படிக்கும் எண்ணம் இருந்தால், தனித்தேர்வராகவோ தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகவோ பிளஸ் டூவை முதலில் முடித்துவிட வேண்டும்.

எதற்காகப் படிக்கிறோம் என்பதையும் வயதோடு சேர்த்தே பார்க்க வேண்டும். மதுரை தோப்பூர் எய்ம்ஸ் மருத்துவமனையின் பெயரைச் சொல்லித்தான் இப்போது பலர் புறப்படுகிறார்கள். எய்ம்ஸ் நிறுவனங்களில் ஸ்டாஃப் நர்ஸுக்கு நிகரான நர்சிங் ஆபீசர் பணிக்கான பொதுத் தேர்வுக்கு வயது வரம்பு 30; இதர பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கு மூன்று ஆண்டுகளும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு ஐந்து ஆண்டுகளும் தளர்வு உண்டு. பட்டப்படிப்பு இல்லாமல் ஜி.என்.எம். மட்டும் முடித்தவராக இருந்தால், குறைந்தது 50 படுக்கைகள் கொண்ட மருத்துவமனையில் இரண்டு ஆண்டு அனுபவமும் கேட்கப்படுகிறது. இருபத்தொன்பது வயதில் ஜி.என்.எம். சேருபவர் அந்த அனுபவத்தையும் முடிக்கும்போது முப்பத்துநான்கைத் தொட்டிருப்பார்; ஐந்து ஆண்டுத் தளர்வு இல்லாதவருக்கு அதற்குள் வரம்பு தாண்டியிருக்கும். அவர் படிக்கக் கூடாது என்று சொல்லவில்லை. தனியார் மருத்துவமனைகளிலும் வெளிநாட்டிலும் அந்தப் படிப்புக்கு மதிப்பு இருக்கத்தான் செய்கிறது. கிடைக்காத ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டு கடன் வாங்கக் கூடாது என்பதே என் கருத்து. அரசுப் பணியில் கிராம சுகாதார செவிலியராக இருப்பவர்கள் இன்னும் நிதானிக்க வேண்டும். துறையின் தடையின்மைச் சான்றும் விடுப்பு அனுமதியும் இல்லாமல் கல்லூரியில் சேர்ந்துவிட்டு, பிறகு பணித் தொடர்ச்சி அறுந்துபோய்த் தவிப்பது தேவையற்ற துன்பம். நாற்பதைத் தாண்டியவர்களுக்குத் துறைக்குள் கிடைக்கும் பதவி உயர்வு வழியே மேல் என்றுதான் நான் சொல்லி வருகிறேன்.

கல்லூரியைத் தேர்ந்தெடுப்பதில் நடக்கும் தவறு ஒன்றுதான்: கட்டடத்தைப் பார்த்துவிட்டு அங்கீகாரத்தைப் பார்க்காமல் விடுவது. ஜி.என்.எம். பள்ளி என்றால் மாநிலக் கவுன்சிலின் அங்கீகாரமும் இந்திய நர்சிங் கவுன்சிலின் பட்டியலில் பெயரும் இருக்க வேண்டும். பட்டப்படிப்பு என்றால் அவற்றோடு தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணைப்பும் வேண்டும். அந்தப் பட்டியல் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால், நீங்கள் சேரும் ஆண்டுக்கு உரியதைப் பார்க்க வேண்டும். ஒரே வளாகத்தில் பி.எஸ்சி.க்கு அனுமதி இருந்து போஸ்ட் பேசிக்குக்கு இல்லாமல் இருப்பதும் நடக்கக்கூடியதுதான். வகுப்புக்கே வர வேண்டாம், தேர்வுக்கு மட்டும் வந்தால் போதும் என்று வெளிமாநிலக் கல்லூரிகளுக்கு ஆள் சேர்ப்பவர்கள், வேலையை விட முடியாத ஏ.என்.எம்.களையே குறிவைக்கிறார்கள். இப்படி ஒரு கல்லூரியில் சேர்ந்த உறவுக்காரப் பெண் ஒருத்திக்கு மூன்று ஆண்டுக்குப் பிறகு கையில் மதிப்பெண் பட்டியல் இருந்தது. வேலை செய்த வார்டுகளின் பதிவேடு இல்லை. அங்குள்ள கவுன்சிலில் பதிவு செய்து, அங்கிருந்து தமிழ்நாட்டுக்கு மாற்றும் வேலை அந்த ஓட்டையிலேயே நின்றுபோனது.

காகிதங்களைப் பொறுத்தவரை பெயரும் தலைப்பெழுத்தும்தான் அதிகம் படுத்துகின்றன. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் அப்பாவின் இனிஷியல், ஆதாரில் கணவரின் இனிஷியல், கவுன்சில் பதிவில் இரண்டும் இல்லாமல் ஊர்ப் பெயர் என்று இருந்தால், சேர்க்கை நாளில் ஒருவரும் காத்திருக்க மாட்டார்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடியே எல்லாவற்றையும் ஆறு மாதம் முன்னதாகத் திருத்திக்கொள்ள வேண்டும். ஒரிஜினல் சான்றிதழ்களை வேலை பார்க்கும் மருத்துவமனையில் கொடுத்து வைத்திருப்பவர்கள், வேலையை விடுவதாகச் சொல்லும் நாளில் அல்ல, அதற்கு வெகு முன்பே எழுத்து மூலம் கேட்டு வாங்கிவிட வேண்டும்.

பணத்தைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. கல்விக் கடனுக்கு வங்கிகள் பின்பற்றும் பொதுத் திட்டத்தில் 4 லட்சம் ரூபாய் வரை பிணையம் கேட்பதில்லை; வித்யாலட்சுமி இணையதளம் வழியாக விண்ணப்பிக்கலாம். முதல் ஆண்டுக் கட்டணத்தை நகையை வைத்துக் கட்டிவிட்டு, இரண்டாம் ஆண்டுக்குத் தண்டலுக்கும் மீட்டர் வட்டிக்கும் போய் நிற்பவர்கள், பெரும்பாலும் வங்கியில் ஒரு முறைகூடக் கேட்டுப் பார்க்காதவர்கள். கட்டணம் எவ்வளவு என்று கேட்கும்போது விடுதி, சீருடை, தேர்வுக் கட்டணம், மருத்துவமனைப் பயிற்சிக்கான பேருந்துச் செலவு ஆகியவற்றையும் சேர்த்து எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

வேலையை விடாமலேயே படித்துவிடலாம் என்ற எண்ணம் அடுத்தது. இரவு டியூட்டி பார்த்துவிட்டு, மாட்டுத்தாவணியில் பேருந்து ஏறி, காலை எட்டு மணி வகுப்புக்கு வந்து உட்காருபவர்களின் கண்ணைப் பார்த்தாலே தெரியும். தேர்வு எழுதப் பாட வகுப்புகளில் 80 விழுக்காடு வருகை வேண்டும். செய்முறைப் பயிற்சியைப் பொறுத்தவரை சான்றிதழோ பட்டமோ கைக்கு வருவதற்குள் 100 விழுக்காட்டையும் நிறைவு செய்தாக வேண்டும். விடுபட்ட ஒவ்வொரு நாளும் பின்னால் வந்து நிற்கும். நம் ஊரில் இந்தக் கணக்கைக் கெடுப்பது காய்ச்சலைவிட விசேஷங்கள்தான். காதுகுத்து, கிடாவெட்டு, பங்காளி வீட்டுப் புதுமனை, சித்திரைத் திருவிழாவுக்கு வரும் விருந்தாளிகள் என்று சேர்த்துப் பார்த்தால் ஆண்டுக்கு இருபது நாள் போய்விடும். மொய் எழுத ஆள் அனுப்பிவிட்டு வார்டுக்கு வந்த மாணவி ஒருத்தியை அவள் மாமியார் இன்னும் மன்னிக்கவில்லை; ஆனால் அவள் தேர்வை எழுதினாள். வாரத்துக்கு ஒன்றிரண்டு நாள் பகுதி நேர வேலை என்பதற்கு மேல் எதையும் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

வகுப்புக்குள் வந்த பிறகு நடக்கும் தவறுகளில் எல்லாவற்றையும்விடப் பெரியது, அனுபவத்தையே அறிவு என்று எடுத்துக்கொள்வது. பத்து ஆண்டு வேலை செய்தவருக்கு நரம்பைக் கண்டுபிடிக்கும் விரல் இருக்கிறது. நோயாளியின் முகம் மாறுவதை மானிட்டருக்கு முன்பே பார்க்கும் கண் இருக்கிறது. பதினெட்டு வயது மாணவிகள் 'அக்கா, அக்கா' என்று அவரைச் சுற்றி நிற்பதும் அதனால்தான். ஆனால் கணக்கு என்று வரும்போது அந்தக் கை தடுமாறுகிறது. 500 மில்லி சலைனை எட்டு மணி நேரத்தில் ஏற்ற வேண்டும். ஒரு மில்லிக்கு 20 சொட்டு விழும் செட். நிமிடத்துக்கு எத்தனை சொட்டு? 500-ஐ 20-ஆல் பெருக்கி, எட்டு மணி நேரத்துக்கு உரிய 480 நிமிடங்களால் வகுத்தால் ஏறத்தாழ 21. கண் மதிப்பில் ஓட விட்டுப் பழகியவர் 40 சொட்டு வைத்தால் அந்தப் பாட்டில் நான்கு மணி நேரத்துக்குச் சற்று அதிகமான நேரத்திலேயே தீர்ந்துவிடும். இளைஞர் ஒருவருக்கு அது பெரிய கேடு செய்யாமல் போகலாம். இதயம் பலவீனமான முதியவருக்கு மூச்சுத் திணறலில் முடியும்.

குழந்தைகள் வார்டில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். 12 கிலோ எடையுள்ள குழந்தைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம் பாராசிட்டமால் என்று எழுதியிருந்தால் 180 மில்லிகிராம். 5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ள சிரப்பில் அது 7.5 மில்லி, அதே 5 மில்லியில் 250 மில்லிகிராம் உள்ள சிரப்பில் 3.6 மில்லி மட்டுமே. 'ஒன்றரை ஸ்பூன்' என்று வழக்கமாகச் சொல்லிக் கொடுத்து வந்தவர், பாட்டில் மாறியதைக் கவனிக்காவிட்டால் இரு மடங்குக்கு மேல் கொடுத்துவிடுவார். மருத்துவர் சொன்னதைச் செய்வது துணைச் செவிலியரின் பழக்கம். சொன்னது சரிதானா என்று சரிபார்த்து, இல்லையென்றால் நிறுத்திக் கேட்பது ஸ்டாஃப் நர்ஸின் பொறுப்பு. அந்தப் பொறுப்பைத்தான் மூன்று ஆண்டுகளும் கற்றுத் தருகின்றன.

பழக்கத்தை மறப்பது கற்பதைவிடக் கடினம் என்பதையும் சொல்ல வேண்டும். பயன்படுத்திய ஊசிக்கு மீண்டும் மூடி போடுவது, ஒரு நோயாளியிடமிருந்து அடுத்தவரிடம் அதே கையுறையோடு போவது, 2016-ஆம் ஆண்டு விதிகள் வகுத்த மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என்ற பிரிவுகளைப் பார்க்காமல் கையில் கிடைத்த வாளியில் கழிவைப் போடுவது ஆகியவை செய்முறைத் தேர்வில் தேர்வாளர் கண்ணில் படும் முதல் விஷயங்கள். 'எங்கள் ஆஸ்பத்திரியில் இப்படித்தான் செய்வோம்' என்ற பதில் அங்கே மதிப்பெண் தராது. தன்னைவிட வயதில் சிறிய டியூட்டர் திருத்தும்போது முகம் சுளிக்காமல் கேட்டுக்கொள்வதும் ஒரு பயிற்சிதான்.

ஆங்கிலத்தைக் கடைசி மாதத்துக்குத் தள்ளிப்போடுவது இன்னொரு தவறு. தமிழ் வழியில் படித்து வந்தவர்களுக்கு உடற்கூறியல் கடினமாகத் தெரிவதற்குக் காரணம் பாடத்தைவிட அதன் சொற்களே. சேருவதற்கு முந்தைய ஆறு மாதங்களில், வார்டில் தினமும் கைக்கு வரும் கேஸ் ஷீட்டிலிருந்தே நாளுக்கு ஐந்து சொற்களை எழுத்துக்கூட்டி எழுதிப் பழகினால் முதல் பருவத்தின் சுமை பாதியாகும். நோயாளியின் நிலையை மதிப்பிட்டு, சிக்கலை வரையறுத்து, திட்டமிட்டு, செய்து, பலனை அளந்து எழுதும் பராமரிப்புத் திட்டத்தைக் கைப்படவே எழுத வேண்டும்; சீனியரின் நோட்டைப் பார்த்து எழுதியவர்கள் வாய்மொழித் தேர்வில் இரண்டாவது கேள்வியிலேயே மாட்டிக்கொள்கிறார்கள்.

படிப்பு முடிந்ததும் பழைய மருத்துவமனையே ஸ்டாஃப் நர்ஸ் சம்பளம் தருவதாகச் சொல்லிக் கூப்பிடும். தேர்வு முடிவு வந்த மறுநாளே போய் நிற்பவர்கள் உண்டு. துணைச் செவிலியர் பதிவு வேறு, செவிலியர் மற்றும் தாதியர் பதிவு வேறு. பழைய எண்ணை வைத்துக்கொண்டு புதிய பணியில் கையெழுத்திடக் கூடாது. கவுன்சிலில் புதிதாகப் பதிவு செய்து, தேசியப் பதிவேட்டின் தனி அடையாள எண்ணையும் பெற்றுக்கொண்டு, அதன் பிறகே பணி நியமனக் கடிதத்தில் பதவிப் பெயர் என்ன எழுதப்பட்டிருக்கிறது என்று படித்துப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும்.