காஸ்தியேஹோவின் பேரேட்டைப் படிப்பது எப்படி

முப்பத்தோரு வருஷம் கூட்டுறவு வங்கிகளில் தணிக்கை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அதனாலோ என்னவோ, குத்துச்சண்டையைப் பார்ப்பதைவிடக் குத்துச்சண்டைக்காரர்களின் கணக்கைப் படிப்பதில் எனக்கு ருசி அதிகம். தொழில்முறை வீரர் ஒவ்வொருவருக்கும் ஒரு பட்டியல் உண்டு. ஒரு சண்டைக்கு ஒரு வரி: தேதி, எதிராளி, அன்றைக்கு அந்த எதிராளியின் கணக்கு, ஊர், முடிவு, எத்தனையாவது சுற்று. பார்க்க பாஸ்புக் மாதிரி சலிப்பாக இருக்கும். படிக்கத் தெரிந்துவிட்டால் ஒரு மனிதனின் இருபது வருஷம் அதில் இருக்கிறது.

பழகுவதற்கு நான் எல்லாருக்கும் கொடுக்கும் பக்கம் ஹாவியேர் காஸ்தியேஹோவினுடையது. 1968இல் பிறந்தவர். மாட்ரிட்டுக்குத் தெற்கே இருக்கும் பார்லா என்ற ஊர்க்காரர். ஸ்பெயினில் 'எல் லின்ஸே தே பார்லா' என்பார்கள். லின்ஸே என்பது அங்கே மலைக்காடுகளில் திரியும், காது நுனியில் கறுப்பு மயிர்க் குஞ்சம் வைத்த பெரிய காட்டுப்பூனை.

பக்கத்தைத் திறந்ததும் உச்சியில் மொத்தக் கணக்கு கண்ணில் படும்: 62 வெற்றி, அதில் 43 நாக்அவுட், 8 தோல்வி, 1 சமன். அந்த வரியைக் கையால் மறைத்துக்கொள்ளுங்கள். கிளை மேலாளர் முதலில் நீட்டும் தாளை எந்தத் தணிக்கையாளனும் முதலில் படிக்க மாட்டான். பட்டியலில் புதிய சண்டை மேலே, பழையது கீழே இருக்கும். ஆகவே அடியிலிருந்து தொடங்கி மேலே ஏறுங்கள்.

அடியில் 1988. அறிமுக ஆண்டு. இந்தப் பகுதியில் எதிராளியின் கணக்கு இருக்கும் பத்தியை மட்டும் பாருங்கள், முடிவைப் பார்க்க வேண்டாம். எந்த நாட்டிலும் இளம் வீரனை வளர்க்கும்போது தோற்றுப் பழகிய ஆட்களைத்தான் முன்னால் நிறுத்துவார்கள். இது மோசடி இல்லை, தொழில் அப்படித்தான் நடக்கிறது. ஆனால் அந்த வெற்றிகளை முழு ரூபாயாக எண்ணக் கூடாது. நான் நாலணா போடுவேன்.

ஒரு எச்சரிக்கை. எதிராளியின் எண்ணிக்கை சின்னதாக இருக்கிறதே என்று எல்லாரையும் தள்ளிவிடாதீர்கள். 1999 ஜனவரி 29ஆம் தேதி வரியில் கீத் மலிங்ஸ் என்ற பெயர் இருக்கும். மொத்தக் கணக்கில் சாதாரண ஆள் போலத் தெரிவார். மலிங்ஸின் பக்கத்துக்கே போய்ப் பாருங்கள்: 1997 டிசம்பரில் டெர்ரி நாரிஸை ஒன்பதாம் சுற்றில் நிறுத்தி, பட்டம் தருகிற சங்கங்களில் ஒன்றான டபிள்யூபிசியின் சூப்பர் வெல்டர் பட்டத்தை, அதாவது 69.85 கிலோ வரம்புப் பட்டத்தை, பறித்தவர். அந்தப் பட்டத்தைத்தான் காஸ்தியேஹோ அவரிடமிருந்து வாங்கினார். எதிராளியின் பக்கத்தையும் ஒருமுறை திறந்து பார்க்காமல் எந்த வரிக்கும் டிக் போடாதீர்கள்.

இப்போது ஊர்ப் பத்தி. மலிங்ஸ் சண்டை நடந்த இடம் லெகானேஸ். வரைபடத்தில் பாருங்கள், பார்லாவுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. முடிவு 'எம்டி', அதாவது பெரும்பான்மை முடிவு. வளையத்துக்கு வெளியே உட்கார்ந்து புள்ளி போடும் மூன்று நடுவர்களில் இரண்டு பேர் காஸ்தியேஹோ ஜெயித்ததாகச் சொன்னார்கள், ஒருவர் சமன் என்றார். 'யுடி' என்றால் மூவரும் ஒரே ஆள் பக்கம், 'எஸ்டி' என்றால் இரண்டுக்கு ஒன்று. சொந்த ஊர்ப் பக்கம், அதுவும் எம்டி. இப்படிப்பட்ட வரியின் ஓரத்தில் பென்சிலால் சின்னக் கேள்விக்குறி போடுவது என் பழக்கம். குற்றச்சாட்டாக இல்லை, பிற்பாடு திரும்பிப் பார்க்க. கிட்டத்தட்ட இரண்டரை ஆண்டு அந்தப் பட்டத்தை அவர் வைத்திருந்தார் என்று தெரிந்த பிறகு கேள்விக்குறியை அழித்துவிட்டேன்.

அடுத்தது புள்ளிக் கணக்கு. எனக்கு மிகவும் பிடித்த இடம். 2001 ஜூன் 23, லாஸ் வேகாஸ், ஆஸ்கர் தே லா ஹோயா. மூன்று நடுவர்களும் 119-108 என்று எழுதினார்கள். இதைப் பிரித்துப் பாருங்கள். ஒரு சுற்றில் ஜெயித்தவருக்கு 10, தோற்றவருக்கு 9. கீழே விழுந்தால் தோற்றவருக்கு பெரும்பாலும் 8. மொத்தம் 12 சுற்று. தே லா ஹோயாவுக்கு 119 என்றால் பதினொரு சுற்றில் 10, ஒரு சுற்றில் 9. காஸ்தியேஹோவுக்கு ஒரே ஒரு பத்து. மீதி பதினொரு சுற்றுக்கும் ஒன்பது போட்டால் 99, ஆகமொத்தம் 109 வர வேண்டும். 108தான் இருக்கிறது. ஒரு புள்ளி எங்கே போச்சு? எங்கோ ஒரு சுற்றில் விழுந்திருக்கிறார்! சண்டையைப் பார்த்தால் தெரியும், கடைசிச் சுற்றின் கடைசி நொடிகளில் விழுந்தார். பதினொன்றே முக்கால் சுற்று நின்றுவிட்டு, மணி அடிக்கப் போகும் நேரத்தில். வீடியோ போடாமல், வெறும் கூட்டல் கழித்தலில் அதைக் கண்டுபிடித்த அன்று எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. ஐந்தாவது எடைப் பிரிவில் தே லா ஹோயா வாங்கிய பட்டம் அது. தோற்றது எவரிடம் என்பதையும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். எட்டுத் தோல்வியும் ஒரே விலை இல்லை.

2002 வரியில் 'இடைக்காலப் பட்டம்' என்று வரும், எதிராளி ரோமன் கர்மாசின். இதில் நிறைய நேரம் செலவிட வேண்டாம். உண்மையான சாம்பியன் ரொம்ப நாள் சண்டைக்கு வராதபோது பொறுப்பு அலுவலர் போடுவார்களே, அது மாதிரி.

இனி சிவப்பு மை எடுங்கள். 2006 ஜூலை 15, ஹம்பர்க், ஃபெலிக்ஸ் ஸ்டுர்ம், பத்தாம் சுற்று, டிகேஓ. எடை ஒரு படி மேலே: மிடில்வெயிட், 72.57 கிலோ. பட்டம் டபிள்யூபிஏ என்ற இன்னொரு சங்கத்தினுடையது. ஊர் எதிராளியின் நாட்டில். வயதைக் கணக்குப் போடுங்கள்: இவருக்கு 38, ஸ்டுர்முக்கு 27. ஜெயித்தது காஸ்தியேஹோ. முடிவு புள்ளி போடும் நடுவர்கள் கையில் இல்லை, வளையத்துக்குள் நிற்கும் ரெஃபரி சண்டையை நிறுத்தியிருக்கிறார், டிகேஓ என்பது அதுதான். முன்பு பென்சில் கேள்விக்குறி போட்ட லெகானேஸ் வரியையும் இதையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். அந்தப் பக்கம் முழுக்க இதற்கு ஈடான வரி வேறு இல்லை என்பது என் தீர்ப்பு. அதற்காக அவரை அந்த எடையின் ராஜா என்று எழுதிவிடாதீர்கள். ராஜாவாக அப்போது ஊர் ஒப்புக்கொண்டிருந்தவர் ஜெர்மெய்ன் டெய்லர். பட்டம் தருகிற சங்கங்கள் நான்கு இருக்கின்றன. ஒரு பெல்ட்டைப் பார்த்துவிட்டு மொத்த எடைக்கும் கையெழுத்துப் போடக் கூடாது.

இதற்கு அடுத்த வரியில்தான் நான் ஒரு பிரியாணி தோற்றேன். 2006 டிசம்பர் 2, பெர்லின், மரியானோ கரேரா என்ற அர்ஜென்டினாக்காரர், பதினோராம் சுற்றில் நிறுத்தப்பட்டது. எங்கோ குறித்துவைத்திருந்த பழைய பட்டியலைப் பார்த்து, தோல்வி ஒன்பது என்று தங்கை மகனிடம் அடித்துச் சொன்னேன். அவன் எட்டு என்றான். பந்தயம் கட்டினோம். அவன் சரி. சண்டைக்குப் பிறகு கரேராவின் பரிசோதனையில் கிளென்புடரால் என்ற தடை மருந்து இருந்தது தெரியவந்து, முடிவை 'என்சி', அதாவது செல்லாதது, என்று மாற்றிவிட்டார்கள். பட்டமும் காஸ்தியேஹோவுக்குத் திரும்பி வந்தது. திருத்தப் பதிவு! வாழ்நாள் முழுக்க மற்றவர்களிடம் அதைத் தேடியவன், நானே கோட்டை விட்டேன். ஆகவே பட்டியலைப் புதிதாக எடுத்த பிறகே கூட்டுங்கள்: 62, 8, 1, அதோடு செல்லாதது 1. மொத்தம் 72. உங்கள் கூட்டல் 71இல் நின்றால் விட்ட வரி இதுதான்.

அதற்கு மேலே இருப்பவற்றைச் சீக்கிரம் கடக்கலாம். 2007 ஏப்ரலில் ஓபர்ஹவுசனில் ஸ்டுர்ம் புள்ளியில் ஜெயித்துப் பட்டத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டார். 2008இல் இன்னொரு ஜெர்மானியர், செபாஸ்டியன் சில்வெஸ்டர், பன்னிரண்டாம் சுற்றில் நிறுத்தினார். கடைசி வரி 2009, சமன். வயது 41. இப்போது முதலில் மறைத்த தலைப்பு வரியிலிருந்து கையை எடுத்துப் பாருங்கள், அந்த 62 முன்பு போல் தெரியாது.

வீட்டுப்பாடமாக இன்னொரு ஸ்பெயின்காரர்: பவுலினோ உஸ்குடுன், விறகு வெட்டிக்கொண்டிருந்த பாஸ்க் ஆள், ஹெவிவெயிட். அவர் பக்கத்தில் தோல்விகள் நிறையவே உண்டு. அதில் நாக்அவுட் தோல்வி எத்தனை என்று மட்டும் தேடுங்கள். ஒன்றுதான் கிடைக்கும். 1935 டிசம்பர் 13, நியூயார்க், ஜோ லூயி, நான்காம் சுற்று. அந்தப் பக்கத்தில் அதற்கு மேல் வரி கிடையாது.