கவர்னர் தேர்தலில் நாம் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகள்

2025 மே கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதுரையிலிருந்து மாமியார் வீடியோ காலில் பேசிக்கொண்டிருந்தார். எனக்குப் பின்னால் சாப்பாட்டு மேசையில் குவிந்து கிடந்த வழவழப்பான அட்டைகளைப் பார்த்துவிட்டு, என்ன, கல்யாணப் பத்திரிகையா என்று கேட்டார். இல்லை, இங்கே நியூ ஜெர்சியில் கவர்னர் தேர்தல் வருகிறது, வேட்பாளர்கள் தபாலில் அனுப்பியது என்றேன். "கவர்னருக்கு எதுக்கு மாப்ள ஓட்டு? அவரை டெல்லியில இருந்துதானே போடுவாங்க?" என்றார்.

அவர் கேட்டதில் தப்பே இல்லை. அங்கே ஆளுநரை நியமிப்பது குடியரசுத் தலைவர். ஆனால் இங்கே பதினைந்து, இருபது வருஷமாக இருந்து, குடியுரிமையும் வாங்கி, வீடும் வாங்கி, இன்னும் மனசுக்குள் அதே படத்தை வைத்திருக்கிறோமே, அதுதான் முதல் தவறு. அமெரிக்காவில் கவர்னர் என்றால் நம் ஊர் முதலமைச்சர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாநில பட்ஜெட்டை முன்வைப்பது அவர், சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை வீட்டோ செய்வதும் அவர். நியூ ஜெர்சியில் இன்னும் ஒரு படி மேலே. மாநிலத்தின் தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரலை இங்கே மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை, கவர்னர்தான் மாநில செனட் ஒப்புதலோடு நியமிக்கிறார். உச்ச நீதிமன்ற நீதிபதிகளும் அப்படித்தான். காலையில் நாம் காத்திருக்கும் ரயில் வராவிட்டால் அதற்குப் பதில் சொல்ல வேண்டிய என்ஜே டிரான்சிட்டின் வாரியம்கூட அவர் நியமனம்.

அதனால்தான் வாஷிங்டன் விவகாரத்தை மட்டும் வைத்துக் கவர்னரை எடைபோடுவது எனக்குச் சரியாகப் படுவதில்லை. அந்த அட்டைகளில் பாதிக்கு மேல் டிரம்ப்பின் படம்தான். ஒரு கட்சிக்காரர் அவரோடு நிற்கிறேன் என்கிறார், இன்னொரு கட்சிக்காரர் அவரை எதிர்த்து நிற்பேன் என்கிறார். சரி, அதுவும் ஒரு விஷயம்தான். ஆனால் அந்த வருஷம் ஜூன் மாதம் எங்கள் மின்கட்டணம் ஒரே தாவலாக 20 சதவிகிதத்துக்குப் பக்கம் ஏறியது. கட்டணத்தைக் கண்காணிக்கும் மாநில வாரியத்தின் உறுப்பினர்களை நியமிப்பது கவர்னர். சராசரி சொத்து வரியோ ஆண்டுக்கு 10,000 டாலரைத் தாண்டிவிட்டது. இந்த இரண்டைப் பற்றியும் உருப்படியாக ஒரு வரி எழுதியிருக்கிறதா என்று ஒவ்வொரு அட்டையாகத் திருப்பிப் பார்த்தேன். மிகச் சில அட்டைகளில்தான் இருந்தது.

அடுத்த தவறுதான் எல்லாவற்றிலும் பெரியது. நவம்பர் வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடுவது. யாரைத் தேர்ந்தெடுக்கலாம் என்ற கேள்வி உண்மையில் கேட்கப்படுவது பிரைமரியில், அதாவது உட்கட்சித் தேர்தலில். நவம்பரில் நம் முன்னால் நிற்கும் இரண்டு பேரும் ஏற்கெனவே வேறு யாரோ தேர்ந்தெடுத்துக் கொடுத்தவர்கள். 2025 ஜூன் 10 அன்று ஜனநாயகக் கட்சியின் பிரைமரியில் ஆறு பேர் போட்டியிட்டார்கள். வென்ற மிக்கி ஷெரில் வாங்கியது மூன்று லட்சத்துக்கும் குறைவான ஓட்டு, கட்சிக்காரர்கள் போட்டதில் சுமார் 34 சதவிகிதம். நவம்பரில் வாக்களித்தவர்களோ 33 லட்சத்துக்குப் பக்கம். அவர் நல்ல வேட்பாளரா இல்லையா என்பது இருக்கட்டும். ஒரு கோடிப் பேருக்கு நெருக்கமாக வாழும் மாநிலத்தில், அந்த மூன்று லட்சத்தில் நம் ஆட்கள் எத்தனை பேர்? எங்கள் தெருவில் நவம்பரில் காரில் ஒன்றாகச் சேர்ந்து ஓட்டுப் போடப் போனவர்களிடம் ஜூனில் போனீர்களா என்று கேட்டேன். அப்படி ஒன்று நடந்ததே ஒருவருக்குத் தெரியவில்லை.

இதில் நியூ ஜெர்சிக்கு ஒரு தனிக் கதையே உண்டு. இங்கே பல பத்தாண்டுகளாக, 21 கவுண்டிகளில் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) 19இல், கவுண்டிக் கட்சித் தலைமை ஆதரிக்கும் வேட்பாளர்கள் எல்லோரையும் வாக்குச்சீட்டில் ஒரே வரிசையில் அச்சடிப்பார்கள். மற்றவர்கள் எங்கோ ஓரத்தில் தனியாகக் கிடப்பார்கள். வாக்காளர் கண் அந்த வரிசையைத்தானே பிடிக்கும். ஜனநாயகக் கட்சியின் ஆண்டி கிம் அமெரிக்க செனட்டுக்குப் போட்டியிட்டபோது வழக்குத் தொடுத்து, 2024 மார்ச்சில் அதற்குத் தடை வாங்கினார். 2025 பிரைமரியில் அந்த வரிசை இல்லை, பதவிவாரியாகப் பெயர்கள் அச்சாகின. கட்சித் தலைமை கைகாட்டுபவர்தான் வேட்பாளர், நம் ஒரு ஓட்டு என்ன செய்துவிடும் என்ற பழைய சாக்குக்கு இப்போது பாதி உயிர்கூட இல்லை.

இனி பணத்துக்கு வருவோம். நம் ஆட்கள் வாட்ஸ்அப்பில் அடிக்கடி சொல்வது: அவரிடம் பணம் அதிகம், அவர்தான் ஜெயிப்பார். இதை நம்பி வேலை செய்யாதீர்கள். 2010இல் கலிபோர்னியா கவர்னர் தேர்தலில் மெக் விட்மன் தன் சொந்தப் பணத்தில் மட்டும் சுமார் 14.4 கோடி டாலர் போட்டார். அவரை எதிர்த்து நின்ற ஜெர்ரி பிரவுன் செலவழித்தது அதில் நாலில் ஒரு பங்கு. விட்மன் தோற்றார், அதுவும் சுமார் 13 புள்ளி வித்தியாசத்தில். அதே சமயம், 2018இல் இல்லினாயில் பிரிட்ஸ்கர் சுமார் 17.1 கோடி டாலர் சொந்தப் பணம் போட்டு வென்றார். ஆகப் பணம் வேட்பாளரின் பெயரை எல்லோர் வீட்டுக்குள்ளும் கொண்டுபோய்ச் சேர்க்கும். அதற்கு மேல் நடப்பது பணத்தின் கையில் இல்லை. 2025இல் எங்கள் மாநிலத்திலேயே பார்த்தோம். ஆசிரியர் சங்கம் தன் தலைவரான ஷான் ஸ்பில்லருக்காக வெளியமைப்பு (வேட்பாளரின் பிரச்சாரக் குழுவில் சேராமல் தனியாகச் செலவு செய்யும் அமைப்பு) வழியாக சுமார் 4 கோடி டாலர் செலவழித்தது. அவர் ஐந்தாவதாக வந்தார், பத்துச் சதவிகிதத்தைக் கொஞ்சம் தாண்டி.

அந்த உதாரணத்தில் இன்னும் ஒன்றைக் கவனியுங்கள். நியூ ஜெர்சியில் தகுதி பெறும் வேட்பாளருக்கு, அவர் திரட்டும் ஒரு டாலருக்கு இரண்டு டாலர் அரசுப் பணம் கிடைக்கும். பதிலுக்கு அவர் செலவுக்கு உச்சவரம்பு உண்டு, 2025 பிரைமரியில் 87 லட்சம் டாலர். வெளியமைப்புக்கு அந்த வரம்பு கிடையாது. 2010இல் உச்ச நீதிமன்றம் சிட்டிசன்ஸ் யுனைடெட் வழக்கில் தீர்ப்பளித்த பிறகு, வேட்பாளரோடு கலந்து பேசாமல் தனியாகச் செலவு செய்கிறோம் என்று சொன்னால் போதும், எவ்வளவு வேண்டுமானாலும் கொட்டலாம். அதனால் வேட்பாளரின் கணக்கை மட்டும் பார்த்துவிட்டு, பாவம் இவரிடம் பணமே இல்லை என்று முடிவு செய்வதும் தவறுதான்.

நான் என்ன செய்தேன் என்றால், மேசையிலிருந்த அட்டைகளை வேட்பாளர் வாரியாகப் பிரிக்காமல், ஓரத்தில் எறும்பு சைஸில் இருக்குமே, யார் காசில் அச்சடித்தது என்ற வரி, அதை வைத்துப் பிரித்தேன். கண்ணாடியைக் கழற்றி, அட்டையை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துத்தான் படிக்க முடிந்தது. ஒரு வேட்பாளர் சிரித்துக்கொண்டிருந்த அட்டைகளில் பெரும்பாலானவற்றில் அவருடைய பிரச்சாரக் குழுவின் பெயரே இல்லை. எல்லாம் வெளியமைப்பு.

அந்தச் சின்ன வரியைப் படிக்காமல் விளம்பரத்தை நம்புவதுதான் அடுத்த தவறு, இதற்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன். 2021இல் வர்ஜீனியாவில் குடியரசுக் கட்சியின் கவர்னர் வேட்பாளர் கிளென் யங்கின் துப்பாக்கி உரிமையில் உறுதியானவர் இல்லை என்று கிராமப்புறங்களில் விளம்பரங்கள் ஓடின. பார்ப்பவர்களுக்கு வலதுசாரி அமைப்பு ஒன்று அவர்மேல் கோபமாக இருப்பதாகத்தான் தோன்றும். பின்னாலிருந்தது ஜனநாயகக் கட்சி ஆதரவாளர்களோடு தொடர்புடைய அமைப்பு. அதற்கு மின்சார நிறுவனமான டொமினியன் எனர்ஜி 2 லட்சம் டாலர் கொடுத்திருந்தது. விஷயம் வெளியே வந்ததும் அந்த நிறுவனத்தின் தலைவர் பணத்தைத் திருப்பிக் கேட்டார். 2022இல் இல்லினாயில் நடந்தது இன்னும் நுணுக்கமானது. குடியரசுக் கட்சிப் பிரைமரியில் டேரன் பெய்லி அளவுக்கு மீறிய பழமைவாதி என்று ஜனநாயகக் கட்சிக் கவர்னர் பிரிட்ஸ்கர் தரப்பும் ஜனநாயகக் கட்சி கவர்னர்கள் சங்கமும் விளம்பரம் செய்தன. குடியரசுக் கட்சி வாக்காளருக்கு அது திட்டாகவா கேட்கும்? அவர்களுக்கு அது சிபாரிசு. கென் கிரிஃபின் என்ற பெரும் பணக்காரர் 5 கோடி டாலர் கொடுத்து நிறுத்திய ரிச்சர்ட் இர்வின் மூன்றாவது இடத்துக்குப் போனார், பெய்லி வேட்பாளரானார், நவம்பரில் பிரிட்ஸ்கர் சுலபமாக வென்றார்.

இது புதுப் பழக்கமும் இல்லை. 2002இலேயே கலிபோர்னியாவில் அப்போது கவர்னராக இருந்த ஜனநாயகக் கட்சியின் கிரே டேவிஸ் எதிர்க்கட்சியின் பிரைமரிக்குள் புகுந்து, தனக்குச் சவாலாக இருந்திருக்கக்கூடிய ரிச்சர்ட் ரியோர்டனைத் தாக்கிக் கோடி டாலர் அளவில் விளம்பரம் செய்தார். பலவீனமான வேட்பாளர் கிடைத்தார், டேவிஸ் வென்றார். அடுத்த வருஷமே மக்கள் ஓட்டுப் போட்டு அவரைப் பதவியிலிருந்து இறக்கிவிட்டார்கள். இந்தத் தந்திரத்தை எந்தக் கட்சி செய்தாலும் எனக்குப் பிடிக்கவில்லை. எதிரி யார் என்பதை நம் பணத்தால் முடிவு செய்வதும், ஒரு கட்சியின் வாக்காளர்களை ஏமாற்றுவதும் ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

எல்லா மாநிலத்திலும் ஒரே சட்டம் என்று நினைப்பதும் நம்மிடம் அதிகம். ஜனாதிபதி, காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) தேர்தலுக்கான நன்கொடை வரம்பு கவர்னர் தேர்தலுக்குப் பொருந்தாது. நியூ ஜெர்சியில் 2025 தேர்தலுக்கு ஒருவர் கொடுக்கக்கூடியது 5,800 டாலர். வர்ஜீனியாவில் வரம்பே இல்லை, நிறுவனங்களும் நேரடியாகக் கொடுக்கலாம். டெக்சாஸிலும் பென்சில்வேனியாவிலும் நிறுவனம் வேட்பாளருக்கு நேரடியாகக் கொடுக்க முடியாது, ஆனால் தனி மனிதருக்கு உச்சவரம்பு கிடையாது. இல்லினாயில் வரம்பு உண்டு, ஆனால் மாநில அளவிலான போட்டியில் ஒருவர் 2,50,000 டாலருக்கு மேல் சொந்தப் பணம் போட்டுவிட்டால் எல்லோருக்கும் வரம்பு போய்விடும். நேரெதிர்ப் பக்கம் அரிசோனா. ஐந்து டாலர் நன்கொடைகளை ஆயிரக்கணக்கான பேரிடம் திரட்டிக் காட்டினால் பிரச்சாரச் செலவுக்கு அரசே பணம் தரும். ஜேனட் நபோலிடானோ 2002இல் அப்படித்தான் கவர்னர் ஆனார்.

நன்கொடை கொடுப்பதில் நடக்கும் தவறுகளும் கொஞ்சநஞ்சமல்ல. ராத்திரி பதினொரு மணிக்கு மெசேஜ் வரும், நள்ளிரவுக்குள் கொடுத்தால் உங்கள் 20 டாலர் ஐந்து மடங்காகும் என்று. அந்த மடங்குக் கணக்கை நம்பாதீர்கள். மேலே சொன்னேனே ஒன்றுக்கு இரண்டு, அது சட்டத்தில் எழுதியிருக்கிறது. மெசேஜில் வருவது வெறும் அவசரப்படுத்தல். மாதாமாதம் பணம் எடுக்கும் கட்டத்தில் முன்கூட்டியே டிக் போட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

அப்புறம், இதைத் தயவுசெய்து உங்கள் நண்பர்களுக்கும் சொல்லுங்கள். எச்1பி, எல்1 வேலை விசாவிலோ எஃப்1 மாணவர் விசாவிலோ இருப்பவர்கள் எந்த வேட்பாளருக்கும், கவர்னரானாலும் ஊர் மேயரானாலும், பத்து டாலர்கூடக் கொடுக்கக் கூடாது. குடியுரிமை உள்ள அண்ணன் பெயரில் கொடுத்துவிடலாம் என்பதும் சட்டப்படி குற்றம். கிரீன் கார்டு உள்ளவர்கள் நன்கொடை கொடுக்கலாம், ஆனால் ஓட்டுப் போடக் கூடாது. ஓட்டுநர் உரிமம் வாங்கப் போகும் இடத்தில் வாக்காளர் பதிவுப் படிவத்தை நீட்டுவார்கள், பத்தோடு பதினொன்றாகக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். பின்னால் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது பெரிய வினையாகிவிடும். பணம் கொடுக்க முடியாத விசாக்காரர்கள் சம்பளமில்லாமல் தொண்டர் வேலை செய்யலாம், அதற்குத் தடையில்லை.

ஒரு தவறு நானே செய்தது. சில வருஷங்களுக்கு முன்னால் நண்பர் ஒருவர் வீட்டு பேஸ்மென்ட்டில் ஒரு வேட்பாளருக்கு நிதி திரட்டும் கூட்டம், தலைக்கு 250 டாலர். மசால் வடை, காபி, பொன்னாடை எல்லாம் உண்டு. வேட்பாளர் இருந்தது நாற்பது நிமிஷம், அதில் முப்பது நிமிஷத்துக்கு மேல் வரிசையில் நின்று போட்டோ எடுத்தோம். நானும் எடுத்தேன். யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. கடைசியில் மகளைப் பார்க்க வந்திருந்த, ஓட்டுரிமை இல்லாத ஒரு பெரியவர்தான் எழுந்து, இந்த ஊர் பஸ் ஏன் ஞாயிற்றுக்கிழமை ஓடுவதில்லை என்று கேட்டார். பணம் கொடுத்த எங்களுக்கு அது தோன்றவில்லை. அன்றிலிருந்து யாராவது கூப்பிட்டால் நான் முதலில் கேட்பது கேள்வி நேரம் எத்தனை நிமிஷம் என்றுதான்.

2026 நவம்பரில் 36 மாநிலங்களில் கவர்னர் தேர்தல். உங்கள் மாநிலத்தின் பிரைமரி விதியை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள், இதில் நாள் தவறினால் ஒன்றும் செய்ய முடியாது. நியூயார்க்கில் பிரைமரியில் ஓட்டுப் போட அந்தக் கட்சியில் பதிவு செய்திருக்க வேண்டும், ஏற்கெனவே பதிவானவர்கள் கட்சி மாற்ற பிப்ரவரி 14 கடைசி. பென்சில்வேனியாவிலும் கட்சிப் பதிவு இல்லாமல் உள்ளே போக முடியாது. வர்ஜீனியாவில் கட்சிப் பதிவே கிடையாது. கலிபோர்னியாவில் எல்லாக் கட்சிக்காரர்களும் ஒரே சீட்டில், முதல் இரண்டு பேர் நவம்பருக்குப் போவார்கள். நியூ ஜெர்சியில் எந்தக் கட்சியிலும் சேராமல் பதிவு செய்திருந்தால், வாக்குச்சாவடியிலேயே கட்சியைச் சொல்லிவிட்டு அந்தச் சீட்டை வாங்கிக்கொள்ளலாம். ஒரு கட்சியில் பதிவாகி இன்னொன்றுக்கு மாற வேண்டுமென்றால் பிரைமரிக்கு 55 நாள் முன்னாலேயே படிவம் போய்ச் சேர வேண்டும்.