ஸ்கேன் செய்தால் மட்டும் போதுமா? மிக்சர் பாக்கெட்டும் கலோரி ஆப்பும்

அம்மாவுக்கு பிரஷர். டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னதிலிருந்து அம்மா சாப்பிடுவதையெல்லாம் போனில் ஒரு ஆப்பில் குறித்து வருகிறேன். சாயங்கால டீயோடு கொஞ்சம் மிக்சர் உண்டு. பாக்கெட்டின் பார்கோடை ஸ்கேன் செய்வேன், "1 சர்விங்" என்று வரும், அப்படியே சேமித்துவிடுவேன். பத்து நாள் கழித்து ஏதோ தோன்றி, அம்மா வழக்கமாக எடுக்கும் கிண்ணத்து மிக்சரைத் தராசில் வைத்தேன். 62 கிராம். ஆப்பில் இருந்த ஒரு சர்விங்கோ 30 கிராம். பாதிக்கு மேல் கணக்கிலேயே ஏறவில்லை.

பெரும்பாலோர் செய்யும் தவறு இதுதான். நம் நாட்டு பாக்கெட்டுகளில் சத்து அட்டவணை பெரும்பாலும் 100 கிராமுக்கு இருக்கும். ஒரு சர்விங் எத்தனை கிராம், அது ஒரு நாள் தேவையில் எத்தனை சதவீதம் என்பதும் பக்கத்திலேயே இருக்கும். சர்விங் எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது தயாரிப்பாளர். நம் கை அல்ல. உதாரணத்துக்கு 100 கிராமில் 700 மில்லிகிராம் சோடியம் (உப்பில் இருப்பதுதான்) உள்ள மிக்சரை எடுத்துக்கொள்வோம். 30 கிராமில் 210 மில்லிகிராம்தான், பார்த்தால் பயமே வராது. அம்மாவின் கிண்ணத்தில் 434. டிவி பார்த்தபடி 150 கிராம் பாக்கெட்டை ஒருவரே காலி செய்தால் 1050. பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 2000 மில்லிகிராம் என்பதே உச்சவரம்பு. அதில் பாதிக்கு மேல் நொறுக்குத் தீனியிலேயே போய்விடுகிறது. சாம்பார், ரசம், ஊறுகாய் இன்னும் பாக்கி. அதனால் சர்விங் என்ற தேர்வை விட்டுவிட்டு ஆப்பில் "கிராம்" என்று மாற்றுங்கள். ஒரே ஒரு தடவை உங்கள் கிண்ணத்தை எடை போட்டுவிட்டால் போதும், அப்புறம் கண்ணளவே பழகிவிடும்.

இன்னொரு தவறு, ஸ்கேன் செய்தால் ஆப் லேபிளைப் படிக்கிறது என்று நினைப்பது. பார்கோடில் இருப்பது வெறும் அடையாள எண். அந்த எண்ணுக்கு எதிரே யாரோ எப்போதோ பதிந்த விவரத்தைத்தான் ஆப் எடுத்துக் காட்டுகிறது. ஓப்பன் ஃபுட் ஃபேக்ட்ஸ், மைஃபிட்னஸ்பால் போன்றவற்றில் நம்மைப் போன்றவர்கள் சேர்த்த பதிவுகள் ஏராளம். 100 கிராமுக்கான எண்ணை ஒரு சர்விங்குக்கு என்று போட்டிருக்கலாம். கம்பெனி எண்ணெயை மாற்றியிருக்கலாம், பழைய பதிவு அப்படியே கிடக்கலாம்.

இதைப் பிடிக்க எளிய கணக்கு ஒன்று உண்டு. புரதத்தையும் மாவுச்சத்தையும் 4ஆலும், கொழுப்பை 9ஆலும் பெருக்கிக் கூட்டுங்கள். புரதம் 12, மாவுச்சத்து 44, கொழுப்பு 35 கிராம் என்றால் 48, 176, 315, மொத்தம் 539. ஆப் 540 கிலோகலோரி என்று காட்டினால் சரி. நார்ச்சத்தால் கொஞ்சம் முன்பின் ஆகலாம். 2260 போலக் காட்டினால் யாரோ கிலோஜூலை கிலோகலோரியாகப் பதிந்துவிட்டார்கள் என்று அர்த்தம். ஒரு கிலோகலோரி 4.184 கிலோஜூல்.

வெளிநாட்டு பிஸ்கட், சாக்லேட்டில் உப்பையும் சோடியத்தையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஐரோப்பிய லேபிளில் "உப்பு" என்றே போடுவார்கள், நம் லேபிளில் சோடியம். சோடியத்தை 2.5ஆல் பெருக்கினால் உப்பு. மேலே சொன்ன 700 மில்லிகிராம் சோடியம் என்பது 1.75 கிராம் உப்பு.

சதவீதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது ஒரு நாளைக்கு 2000 கிலோகலோரி சாப்பிடும் பெரியவரை வைத்துப் போட்டது. யூ.கே.ஜி. குழந்தையின் டிபன் பாக்ஸுக்கு அதே சதவீதத்தைப் பார்ப்பது தப்பு. குழந்தைக்கு அதே பாக்கெட் இன்னும் அதிகம்.

கலோரியை மட்டும் பார்த்துவிட்டு மூடிவைப்பதுதான் எனக்கு அதிகம் வருத்தம் தரும் பழக்கம். சேர்மானப் பட்டியலில் எது எடையில் அதிகமோ அதுதான் முதலில் வரும். "மல்டிகிரெயின்" என்று முன்பக்கம் பெரிதாகப் போட்ட பாக்கெட்டைத் திருப்பினால் மைதாவும் பாமாயிலும் முதலில் நிற்கலாம். இதைப் பல ஆப்கள் காட்டுவதில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நாமே படிக்க வேண்டியதுதான்.

பதிவு தப்பாக இருந்தால் லேபிளைப் பார்த்து, 100 கிராம் கணக்கில் நீங்களே புதிதாக ஒன்று சேர்த்துவிடுங்கள். ஓப்பன் ஃபுட் ஃபேக்ட்ஸில் லேபிளைப் போட்டோ எடுத்து ஏற்றித் திருத்தவும் முடியும். அடுத்து ஸ்கேன் செய்பவருக்குச் சரியான எண் கிடைக்கும்.

அம்மாவின் கிண்ணத்தை நான் மாற்றவில்லை. இப்போது அதில் 30 கிராம் மிக்சர், மீதிக்கு உப்புப் போடாத பொரி.