உங்கள் பெயரைச் சொல்லி ஆட்கள் வர: யோகா வகுப்பு நடத்துபவர்களுக்கு

யோகா வகுப்பு தொடங்குகிறவர்கள் பலரும் முதல் வேலையாக லோகோ போடக் கொடுக்கிறார்கள். தாமரை, பத்மாசனத்தில் ஓர் உருவம், பச்சை நிறம். அதை ஒரு ஆறு மாதம் தள்ளிப்போடுங்கள், ஒன்றும் குறைந்துவிடாது. இந்தத் தொழிலில் மக்கள் தங்கள் உடம்பை நம்பி ஒப்படைக்கிறார்கள், அதனால் அவர்கள் விசாரிப்பது போர்டைப் பற்றி இல்லை, உங்களைப் பற்றி. "அவங்ககிட்ட போகலாமா, எப்படிச் சொல்லித்தருவாங்க?" இந்தக் கேள்விக்கு உங்கள் தெருக்காரர் ஒரே வரியில் என்ன பதில் சொல்வார் என்பதுதான் உங்கள் பிராண்ட்.

அந்த ஒரு வரியை முதலில் முடிவு பண்ணுங்கள். "அனைவருக்கும் யோகா" என்று எழுதினால் யாருக்கும் எதுவும் மனதில் நிற்காது. "முழங்கால் வலியா? அந்த அக்காகிட்ட போ, நாற்காலியில உட்காரவெச்சே சொல்லித்தருவாங்க" என்று ஒருத்தர் இன்னொருத்தரிடம் சொன்னால் நிற்கும். திருப்பூரில் இருக்கிறீர்களா, நாள் முழுக்கத் தையல் மெஷின் முன்னால் குனிந்தே உட்கார்ந்திருக்கும் டெய்லர்களின் கழுத்தும் இடுப்பும் உங்கள் வேலை ஆகலாம். சென்னை ஓ.எம்.ஆர். பக்கம் என்றால் நைட் ஷிஃப்ட் முடிந்து தூக்கம் வராமல் தவிக்கிற ஐ.டி. ஆட்கள். யாருக்கு உங்களால் உண்மையிலேயே நன்றாகச் சொல்லித்தர முடியும், யார் உங்களிடம் திரும்பத் திரும்ப வருகிறார்கள் என்று பழைய அட்டெண்டன்ஸ் நோட்டைப் புரட்டினாலே தெரிந்துவிடும்.

ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றவர்கள் வரமாட்டார்களே என்ற பயம் எல்லோருக்கும் வரும். யோகாவின் வரலாற்றையே பாருங்கள். திருமலை கிருஷ்ணமாச்சாரியார் என்ற ஒரே குருவிடம் படித்தவர்கள்தான் பி.கே.எஸ். ஐயங்காரும் பட்டாபி ஜோயிஸும் தேசிகாச்சாரும். ஐயங்கார் புனேயில் கட்டை, பெல்ட், நாற்காலி வைத்து உடம்பின் நேர்த்தியைச் சொல்லிக்கொடுத்தார். ஜோயிஸ் மைசூரில் மாறாத வரிசையில், மூச்சோடு சேர்த்து ஆசனங்களைச் செய்யவைத்தார். 1976இல் சென்னையில் கிருஷ்ணமாச்சார்யா யோக மந்திரம் என்ற யோகா மையத்தைத் தொடங்கிய தேசிகாச்சார், ஒவ்வொரு ஆளுக்கும் ஏற்றபடி பயிற்சியை மாற்றிக்கொடுத்தார். மூவரும் தங்களுக்கு வந்ததை விடாமல் பல ஆண்டுகள் செய்தார்கள், உலகம் தேடி வந்தது. உங்களுக்கு உலகம் வேண்டாம், உங்கள் ஊரில் நாலு தெரு போதும். வழி அதேதான்.

அடுத்தது வீடியோ. கடற்கரையில் தலைகீழாக நிற்கிற ரீல்ஸுக்கு லைக் வரும், ஆனால் 50 வயது அம்மா அதைப் பார்த்து "இது நமக்கு இல்லை" என்று நகர்ந்துவிடுவார். யார் என்னைக் கேட்டாலும் நான் முதலில் எடுக்கச் சொல்வது "இதை யார் செய்யக்கூடாது" என்ற வீடியோதான். கண் அழுத்த நோயான கிளாக்கோமா இருப்பவர்கள் சிரசாசனம், சர்வாங்காசனம் ஏன் தவிர்க்க வேண்டும் (தலை கீழே போனால் கண்ணுக்குள் அழுத்தம் ஏறும்), ரத்த அழுத்தம் அதிகம் இருப்பவர்களும் கர்ப்பிணிகளும் வயிற்றை உள்ளிழுத்து வேகமாக மூச்சை வெளியே தள்ளும் கபாலபாதியை ஏன் விட்டுவிட வேண்டும், மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களை முழங்காலை மடக்கி உட்காரும் வஜ்ராசனத்தில் ஏன் உட்காரவைக்கக்கூடாது. இப்படி ஒரு நிமிடம் பேசுகிறவரைப் பார்த்தால் "இவங்களுக்கு விஷயம் தெரியும், நம்மள வம்புல மாட்டிவிட மாட்டாங்க" என்ற நம்பிக்கை வரும். போன் கேமரா போதும், காற்றுச் சத்தம் இல்லாமல் குரல் தெளிவாக இருந்தால் சரி. வீட்டில் பேசுகிற தமிழிலேயே பேசுங்கள், கொங்குத் தமிழோ நெல்லைத் தமிழோ எதுவானாலும். டிவி அறிவிப்பாளர் மாதிரி பேச முயற்சி செய்தால் உங்கள் ஆட்களே உங்களிடமிருந்து தள்ளிப்போவார்கள்.

இப்போது ரொம்ப முக்கியமான இடத்துக்கு வருகிறேன், வாக்குறுதி. "ஒரு மண்டலத்தில் சர்க்கரை குணம்", "தைராய்டு மாத்திரைக்கு குட்பை" மாதிரி வரிகளை எழுதவே எழுதாதீர்கள், கூட்டம் வந்தாலும் சரி. அதை நம்பி ஒருவர் இன்சுலினை நிறுத்திவிட்டால் அவர் உயிருக்கே ஆபத்து. சட்டமும் இருக்கிறது. வகுப்போடு சேர்த்து எண்ணெய், பொடி, லேகியம் விற்பவர்கள் 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் விளம்பரச் சட்டத்தைத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். சர்க்கரை நோய், புற்றுநோய், உடல் பருமன், ரத்த அழுத்தம் உட்பட அதில் பட்டியலிட்டுள்ள நோய்களைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்தால் முதல் முறையே ஆறு மாதம் வரை சிறை அல்லது அபராதம். நோட்டீஸ் மட்டும் இல்லை, பாட்டிலில் ஒட்டும் லேபிளும் வாயால் சொல்லும் அறிவிப்பும்கூட அந்தச் சட்டத்தின்படி விளம்பரம்தான். பொருள் விற்காமல் வகுப்பு மட்டும் நடத்தினாலும், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போட இடமுண்டு.

அதற்குப் பதில் என்ன எழுதுவது? "சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவர்களுக்கான காலை வகுப்பு. மருந்தை நிறுத்தச் சொல்ல மாட்டோம், டாக்டர் சொன்னதைக் கேட்டு அதற்கேற்பப் பயிற்சி தருவோம்." இந்த வரியைப் பார்த்து வருகிறவர்கள் நிலைத்து நிற்பார்கள், அவர்களுடைய டாக்டரே அடுத்த ஆளை அனுப்பவும் வாய்ப்பிருக்கிறது.

உங்கள் படிப்பையும் உள்ளபடி சொல்லுங்கள். சான்றிதழ் பெற்றவர்கள் உடல்நலம் பற்றிப் பேசும்போது தங்கள் தகுதியைத் தெரிவிக்க வேண்டும் என்று நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஆகஸ்டில் வழிகாட்டுதலே கொடுத்திருக்கிறது. ஐந்தரை ஆண்டு பி.என்.ஒய்.எஸ். முடித்த இயற்கை மருத்துவரா, ஆயுஷ் அமைச்சகத்தின் யோகா சான்றிதழ் வாரியத் தேர்வு எழுதியவரா, 200 மணி நேரப் பயிற்சி முடித்தவரா, எதுவோ அதை அப்படியே போடுங்கள். குறுகிய காலப் பயிற்சி முடித்துவிட்டுப் பெயருக்கு முன்னால் "டாக்டர்" போடுவது மட்டும் வேண்டவே வேண்டாம்.

அனுபவம் சொல்லும் மாணவர்கள் பெரிய பலம், ஆனால் அனுமதி இல்லாமல் ஒரு போட்டோகூட ஏற்றக்கூடாது. நம் ஊரில் பெண்கள் பலர் வீட்டுக்குத் தெரியாமல்கூட வகுப்புக்கு வருகிறார்கள், சிலர் பி.சி.ஓ.எஸ். என்கிற சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை பற்றி உங்களிடம் மட்டும்தான் வாய்விட்டுப் பேசியிருப்பார்கள். குரூப் போட்டோவை ஸ்டேட்டஸில் போட்டு அந்த நம்பிக்கையைக் கெடுத்துவிடாதீர்கள். பெயர் வேண்டாம் என்றால் அவர் எழுதிக்கொடுத்த நாலு வரியை மட்டும் போடுங்கள். "முன்பு, பின்பு" உடம்புப் படங்களை நான் அடியோடு தவிர்க்கச் சொல்வேன்.

கூகுள் மேப்பில் இடத்தைப் பதிவது இலவசம், இன்றே செய்துவிடலாம். பேட்ச் நேரம், உள்ளே இருக்கிற ஹாலின் உண்மையான போட்டோ, பெண்களுக்குத் தனி நேரம் உண்டா என்பது, இவை இருந்தால் போதும். ரிவ்யூ கேளுங்கள், ஆனால் ரிவ்யூவுக்கு ஃபீஸில் தள்ளுபடி கொடுக்காதீர்கள், கூகுள் விதிப்படி அது தவறு. வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்குத்தான் போகும் என்பதால், புதிதாக வருகிறவரிடம் முதல் நாளே "என் நம்பரை சேவ் பண்ணிக்கோங்க" என்று சொல்லிவிடுங்கள். தினமும் குட்மார்னிங் படம் அனுப்ப வேண்டாம், வாரம் ஒரு உபயோகமான குறிப்பு போதும்.

பெயரைப் பதிவு செய்ய நினைத்தால், பயிற்சி வகுப்புகளுக்கான டிரேட்மார்க் பிரிவு 41, குளியல் பொடி, சோப்பு மாதிரியான பொருட்களுக்குப் பிரிவு 3. பதிவு கிடைத்தால் 10 ஆண்டு செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். மாணவர்கள் உங்கள் பெயரைச் சொல்லியே தேடி வர ஆரம்பித்த பிறகு செய்தால் போதும்.

ஆட்கள் கூடியதும் இன்னொரு டீச்சரை வைக்க வேண்டி வரும். உங்கள் பெயருக்காக வந்தவர்கள் "மேடம் வரலையா?" என்று கேட்டுத் திரும்பிப் போவார்கள். அதனால் புது டீச்சரை முதல் நாளே தனியாக நிறுத்தாதீர்கள். ஒரு மாதம் உங்கள் பக்கத்திலேயே நின்று மாணவர்களைத் திருத்தட்டும், வீடியோவில் அவரும் பேசட்டும், யாருக்கு எந்த முழங்காலில் வலி என்பது அவருக்கும் தெரிந்திருக்கட்டும். அப்புறம் வாரத்தில் இரண்டு நாள் பேட்ச்சை அவரிடம் விட்டுப் பாருங்கள், யார் வருகிறார்கள், யார் வராமல் நின்றுவிடுகிறார்கள் என்று நோட்டில் குறித்துவையுங்கள்.