ஸ்பீக்கர் இரைகிறதா? முதலில் எர்த்தைப் பாருங்கள்

பாட்டு போடாமலேயே ஸ்பீக்கர் ‘ம்ம்ம்’ என்று இரைகிறது, ரேடியோ கரகரக்கிறது, ஃபிரிட்ஜைத் தொட்டால் சுர்ரென்கிறது. இவற்றில் கடைசியானது உயிர் சம்பந்தப்பட்டது. அதனால் எர்த்தை, அதாவது கசியும் கரண்டை மண்ணுக்குள் இறக்கும் கம்பியை, பார்த்த பிறகுதான் இரைச்சலுக்கே வர வேண்டும்.

படி 1: மல்டிமீட்டரால் அளப்பது

காலில் செருப்பு, ஈரமில்லாத கை. மீட்டரை ஏசி வோல்ட்டில் 600 அல்லது 750 அளவில் வையுங்கள். மூன்று பின் பாயிண்ட்டில் மேலே உள்ள பெரிய துளை எர்த், வலப்பக்கம் பேஸ் (கரண்ட் வரும் கம்பி), இடப்பக்கம் நியூட்ரல் (கரண்ட் திரும்பும் கம்பி). பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே சுமார் 230 வோல்ட் காட்டும். பேஸுக்கும் எர்த்துக்கும் இடையிலும் ஏறக்குறைய அதே அளவு வர வேண்டும். அது 60, 110 என்று தத்தளித்தால் எர்த் கம்பி எங்கோ விட்டுப்போயிருக்கிறது. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஓரிரு வோல்ட் இருந்தால் சரி. அங்கே 230 காட்டினால் பேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருக்கின்றன.

அளவு சரியாக வந்தாலும் முழுதாக நம்பிவிடாதீர்கள். டிஜிட்டல் மீட்டர் இழுக்கும் கரண்ட் மிகமிகக் குறைவு. துருப்பிடித்து ஒரு நூலிழையில் ஒட்டிக்கொண்டிருக்கும் எர்த்தும் அதற்கு நல்லதாகவே தெரியும். எலக்ட்ரீஷியனை வரவழைத்து எர்த் டெஸ்டரால் (எர்த் மண்ணோடு எவ்வளவு நன்றாகச் சேர்ந்திருக்கிறது என்று அளக்கும் கருவி) பார்க்கச் சொல்லுங்கள். சிலர் பாயிண்ட்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிடுவார்கள். இது மிக ஆபத்து: நியூட்ரல் அறுந்தால் ஃபிரிட்ஜின் பாடியிலேயே 230 வோல்ட் நிற்கும்.

படி 2: எர்த் குழி

கோடையில் மண் காய்ந்தால் எர்த் பலவீனமாகும். குழியில் தண்ணீர் ஊற்றுங்கள். நட்டு துருப்பிடித்திருந்தால் எலக்ட்ரீஷியன் வேலை, நீங்கள் கழற்ற வேண்டாம். 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே சப்ளையைத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லாத வீடாக இருந்தால் அதையும் இப்போதே போட்டுவிடுங்கள்.

படி 3: இரைச்சலைப் பிடிப்பது

ஆம்ப்ளிஃபயரை மட்டும் ஓடவிட்டு, ஸ்பீக்கர் ஒயரையும் கரண்ட் ஒயரையும் விட்டுவிட்டு, அதில் செருகிய மற்ற ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். டிவியிலிருந்து வரும் ஒயரை எடுத்ததும் இரைச்சல் நின்றால், எர்த்துக்கு இரண்டு வழி உண்டாகி அவற்றுக்குள் கரண்ட் சுற்றுகிறது என்று அர்த்தம். டிவி, செட்டாப் பாக்ஸ், ஆம்ப்ளிஃபயர் மூன்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகினால் பெரும்பாலும் அடங்கிவிடும். அந்த ஒயர்கள் எல்லாவற்றையும் எடுத்த பிறகும் இரைந்தால் ஆம்ப்ளிஃபயரில்தான் கோளாறு.

இரைச்சல் போவதற்காகப் பிளக்கின் எர்த் பின்னை மட்டும் வெட்டாதீர்கள். சத்தம் நிற்கலாம், பாதுகாப்பும் அதோடு போய்விடும்.

படி 4: கரகரப்புக்கு ரேடியோ

பேட்டரி ரேடியோவை மீடியம் வேவில் நிலையம் இல்லாத இடத்தில் வையுங்கள். அதைக் கையில் பிடித்துக்கொண்டு எல்இடி பல்பு, சார்ஜர், ஃபேன் ரெகுலேட்டர் என ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். எதன் அருகே கரகரப்பு ஏறுகிறதோ அதுதான் காரணம். மலிவான எல்இடி பல்பும், குமிழைத் திருகினால் வேகம் சீராக ஏறும் ரெகுலேட்டரும் அடிக்கடி சிக்கும். ரெகுலேட்டருக்குப் பதில் 1, 2, 3 என்று படிப்படியாக மாறும் வகையைப் போடுங்கள்.

குழாயிலோ சுவரிலோ ஷாக் அடித்தால் இந்தப் படி எதுவும் வேண்டாம். மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.