சக்தியைக் கொடுத்தது யார்? விதி மீறும் அனிமேக்களைப் பார்க்க ஒரு வழி

ஒரு தொடர் தன் வகைமையின் விதிகளை மீறுகிறது என்றால், அந்த விதிகள் பார்ப்பவருக்கு முன்பே பழகியிருக்க வேண்டும். ஆனால் அனிமே, அதாவது ஜப்பானிய அனிமேஷன் பக்கம் புதிதாக வருகிறவர்களிடம் நாம் எடுத்த எடுப்பிலேயே, ராட்சத ரோபோவை ஓட்ட அழைக்கப்படும் ஒரு சிறுவனின் கதையான 'நியான் ஜெனிசிஸ் இவாஞ்செலியன்' தொடரைப் பரிந்துரைத்துவிடுகிறோம். பலர் நான்காவது எபிசோடில் "இந்தப் பையன் ஏன் எப்போதும் தயங்கிக்கொண்டே இருக்கிறான்?" என்று சலித்துப்போய் நிறுத்திவிடுகிறார்கள். தயங்காத பையன்களை அவர்கள் பார்த்திருந்தால்தானே இந்தத் தயக்கத்தின் கனம் தெரியும்?

அதனால் நான் எல்லோருக்கும் சொல்வது, ஜோடியாகப் பாருங்கள் என்பதுதான். முதலில் விதியைப் பின்பற்றும் தொடர், பிறகு அதை மீறும் தொடர். விதியைப் பின்பற்றுவதை முழுதாகப் பார்க்கத் தேவையில்லை. சாதாரணச் சிறுமிக்கு மந்திர சக்தி கிடைத்து அவள் தீயவற்றோடு போரிடும் மந்திரச் சிறுமிக் கதைகளுக்கு, 1992-ல் வந்த 'சைலர் மூன்' தொடரின் முதல் ஐந்தாறு எபிசோடுகள் போதும். பார்க்கும்போது ஒரு தாளில் எதெல்லாம் திரும்பத் திரும்ப வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். சிறுமி மந்திர வீராங்கனையாக உருமாறும் காட்சி ஒவ்வொரு வாரமும் வரும். அதை ஒரு முறை வரைந்து வைத்துக்கொண்டு மறுபடியும் மறுபடியும் பயன்படுத்தினார்கள். வேலை மிச்சமானது, பார்க்கும் குழந்தைக்கும் அது எப்போது வரும் என்ற எதிர்பார்ப்பு உண்டானது. அந்த எபிசோடின் அரக்கன், பேசும் பூனை லூனா, கடைசி நிமிடத்தில் வந்து காப்பாற்றும் முகமூடிக்காரன் எல்லாம் உங்கள் பட்டியலில் சேரும்.

பட்டியல் தயாரானதும், அதிலிருந்து ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு அந்தக் கேள்வியைக் கொடுத்தது அண்ணன் மகள். அவளோடு உட்கார்ந்து 'சைலர் மூன்' முதல் எபிசோடைப் பார்த்துக்கொண்டிருந்தேன். லூனா கதாநாயகி உசாகியிடம் மந்திரப் பதக்கத்தைக் கொடுக்கும் இடத்தில் அவள் கேட்டாள்: "சித்தப்பா, இந்தப் பூனைக்கு இதில் என்ன லாபம்?" அந்தத் தொடருக்குள் இப்படி ஒரு கேள்விக்கு இடமே இல்லை. லூனா நல்லவள், அவ்வளவுதான். ஆனால் அந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு 2011-ல் வந்த 'மடோகா மேஜிகா' தொடருக்குப் போனால், பன்னிரண்டு எபிசோடும் அந்த ஒரு கேள்விக்கான பதிலாகவே விரியும்.

அதில் க்யூபே என்ற வெள்ளைப் பிராணி வருகிறது. நீ விரும்பும் எதையும் நிறைவேற்றுகிறேன், பதிலுக்கு மந்திரச் சிறுமியாகிச் சூனியக்காரிகளோடு போரிடு என்கிறது. க்யூபே பேசும்போது அதன் முகத்தைக் கவனியுங்கள். வாய் அசையாது. சிவந்த கண்கள் எதற்கும் மாறாது. முதல் எபிசோடில் இது அழகான பொம்மை முகமாகத்தான் தெரியும். முகம் மாறப்போவதில்லை, அதைப் பார்க்கும் நம் மனம்தான் எபிசோடுக்கு எபிசோடு மாறும். இயக்குநர் அகியுகி ஷின்போ, எழுத்தாளர் கென் உரோபுச்சி இருவரும் எதையும் ஒளித்துவைக்கவில்லை. சூனியக்காரிகளின் உலகத்தைப் பாருங்கள்: உருண்டை முகச் சிறுமிகள் நடக்கும் அதே சட்டகத்துக்குள் கத்தரித்து ஒட்டிய காகிதங்களும் மீசை வைத்த பஞ்சு உருண்டைகளும் கத்தரிக்கோல்களும் புகுந்துவிடுகின்றன. கதை வாய் திறப்பதற்கு முன்பே ஓவியம் எச்சரித்துவிடுகிறது.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள். மூன்றாம் எபிசோடைப் பார்த்து முடிக்கும்வரை இந்தத் தொடரைப் பற்றி எதையும் தேடிப் படிக்காதீர்கள். தொடக்கப் பாடலையும் தாண்டிப் போகாதீர்கள். பாட்டின் சப்டைட்டிலை வாசியுங்கள். பத்தாம் எபிசோடின் முடிவில் அதே பாட்டு வரும்போது, அது யார் மனதின் குரல் என்பது விளங்கும். அந்த இடத்தில் கண் கலங்காமல் நான் இதுவரை பார்த்ததில்லை.

சக்தியைக் கொடுத்தது யார், அவருக்கு என்ன லாபம் என்ற அதே கேள்வியோடு இப்போது ராட்சத ரோபோ கதைகளுக்கு வருவோம். 1972-ல் தொடங்கிய 'மாஜிங்கர் இசட்' தொடரில் கோஜி என்ற இளைஞனுக்கு அவன் தாத்தா ரோபோவை விட்டுச் செல்கிறார். அது ஒரு குடும்பச் சொத்து, பாசத்தின் அடையாளம். 1979-ல் யோஷியுகி தோமினோ இயக்கிய 'மொபைல் சூட் கண்டம்' தொடரில் ரோபோவை உருவாக்கியவர் கதாநாயகன் அமுரோவின் தந்தை. ஆனால் ராணுவத்துக்காக உருவாக்கினார், மகனுக்காக அல்ல. தாக்குதலுக்கு நடுவே பதினைந்து வயதுப் பையன் கையேட்டைப் புரட்டியபடி தானாக ஏறி உட்கார்கிறான். அவன் வெட்டி வீழ்த்தும் முதல் எதிரி ரோபோ வெடிக்கிறது, அந்த வெடிப்பில் விண்வெளிக் குடியிருப்பின் சுவர் கிழிகிறது, அந்தத் துளை வழியாக அவன் தந்தையே வெளியே வீசப்படுகிறார். இரண்டாவது எதிரியை அமுரோ வெடிக்காதபடி குத்துகிறான். அப்படிக் குத்துவதென்றால் உள்ளே உட்கார்ந்திருக்கும் மனிதனைக் குத்துவதுதான். பொம்மை விற்பதற்காக எடுக்கப்பட்ட தொடர் ஒன்றின் முதல் எபிசோட் இது. 52 எபிசோடுகள் திட்டமிட்டிருந்தார்கள். பார்வையாளர்கள் குறைவாக இருந்ததால் 43-லேயே நிறுத்தினார்கள். நேரமில்லாதவர்கள் 1981, 1982-ல் தொகுத்து வெளியிட்ட மூன்று படங்களைப் பார்க்கலாம்.

இந்த இரண்டும் தெரிந்தபின் 1995-ன் இவாஞ்செலியனுக்கு வாருங்கள். பல காலம் கண்டுகொள்ளாத தந்தை திடீரென்று வரச் சொல்கிறார். பதினான்கு வயது ஷின்ஜி போய் நிற்கிறான். விளக்குகள் எரிகின்றன, எதிரே ஊதா நிறத்தில் ஒரு ராட்சத முகம். தந்தை கீழே இறங்கி வரவில்லை, உயரத்தில் நின்றபடி "ஏறு" என்கிறார். மறுத்ததும், கட்டுப்போட்ட ஒரு சிறுமியைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு வருகிறார்கள். அவளைத் தாங்கிப் பிடித்த கையில் ரத்தம் பட்ட பிறகே அவன் சம்மதிக்கிறான். தாத்தாவின் சொத்து இங்கே மகனை மிரட்டும் கருவியாகிவிட்டது. இயக்குநர் ஹிடேயாகி அன்னோ அடுத்து செய்வது இன்னும் துணிச்சலானது. இரண்டாம் எபிசோடில் ரோபோ ஓரடி வைத்துக் குப்புற விழுகிறது. சண்டை உச்சத்துக்குப் போகும்போது காட்சி வெட்டப்பட்டு, பையன் மருத்துவமனையில் கண்விழிக்கிறான். முதல் வெற்றியைக் காட்டியே தீர வேண்டும் என்பது வகைமையின் விதி. அன்னோ அதை எபிசோடின் கடைசிக்குத் தள்ளி, பையனின் கொடிய நினைவாகக் காட்டுகிறார்.

இந்தத் தொடரை வேகம் கூட்டிப் பார்க்கவே கூடாது. 22-ஆம் எபிசோடில் இரண்டு பெண்கள் லிஃப்டில் நிற்கும் காட்சி ஏறக்குறைய 50 வினாடி அசையாமல் நீள்கிறது. ஒருத்தி மற்றவளை வெறுக்கிறாள், இருவரும் பேசவில்லை. ஒன்றரை மடங்கு வேகத்தில் அது வெறும் படமாகிவிடும். 26 எபிசோடுகளையும் பார்த்துவிட்டு 1997-ல் வந்த 'தி எண்ட் ஆஃப் இவாஞ்செலியன்' படத்துக்குப் போங்கள். 2007 முதல் 2021 வரை வந்த நான்கு புதிய படங்கள் அதற்குப் பிறகுதான்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ரத்தமும் மரணமும் சேர்த்துவிட்டால் விதி மீறிய கதை ஆகிவிடாது. மடோகாவுக்குப் பின் அப்படி நினைத்துக்கொண்டு சிறுமிகளை வதைக்கும் தொடர்கள் வந்தன. அவை என்னைக் கோபப்படுத்துகின்றன. மடோகாவின் துயரம், வகைமை எப்போதும் கேட்காமல் விட்ட கேள்வியிலிருந்து பிறக்கிறது. அந்தக் கேள்வி இல்லாத இடத்தில் மிஞ்சுவது கொடுமை மட்டும்தான்.

சில தொடர்களுக்கு இந்தக் கேள்வி பொருந்தாது. அப்போது, கதை வழக்கமாக எங்கே முடியும் என்று கேளுங்கள். 2023-ன் 'ஃப்ரீரன்' அசுரராஜனைக் கொன்று வீரர்கள் ஊர் திரும்பும் இடத்தில் தொடங்குகிறது. பத்தாண்டுப் பயணம் முடிந்துவிட்டது. அந்த வீரர்களில் ஒருத்தியான, ஆயிரம் ஆண்டுக்கு மேல் வாழ்ந்த மந்திரக்காரி ஃப்ரீரனுக்கு அது ஒரு நொடி. ஐம்பது ஆண்டு கழித்து வருகிறாள், தோழன் ஹிம்மெல் கிழவனாகியிருக்கிறான், விரைவில் இறந்தும் போகிறான். அவன் அடக்கத்தில்தான் அவளுக்கு முதன்முறையாக அழுகை வருகிறது. இதைக் கத்துக்குட்டியும் ரசிக்கலாம், முன்தயாரிப்பே வேண்டாம்.

இந்த மீறல்களைச் செய்தவர்கள் வெளியிலிருந்து கல்லெறிந்தவர்கள் அல்லர். இளவரசனை மணக்க விரும்பாமல் தானே இளவரசனாக விரும்பும் பெண்ணைப் பற்றிய 1997-ன் 'உதேனா' தொடரை இயக்கிய குனிஹிகோ இகுஹாரா, 'சைலர் மூன்' தொடரையே இயக்கியவர். 39 எபிசோடுகள், மெதுவாகப் பாருங்கள். அதே 'சைலர் மூன்' தொடரின் முதல் பருவ இயக்குநரான ஜுனிச்சி சதோ 2002-ல் 'பிரின்சஸ் துது'வில் தலைமை இயக்குநராக இருந்தார்.

பத்து வயதுக் குழந்தைகளோடு பார்க்க வேண்டுமானால் மடோகாவும் இவாஞ்செலியனும் வேண்டாம், துது போதும். ஒரு வாத்துக்குட்டி பதக்கம் பெற்றுச் சிறுமியாகிறது, அடிதடி இல்லாமல் பாலே நடனத்தால் மனங்களை ஆற்றுகிறது. பதக்கத்தைக் கொடுத்தவர் யார் தெரியுமா? இறந்துபோன ஒரு கதாசிரியர், அந்தக் கதையை எழுதிக்கொண்டிருப்பவரே அவர்தான். ஒவ்வொரு எபிசோடின் தொடக்கத்திலும் ஒரு குரல் சின்னஞ்சிறு கதை ஒன்றைச் சொல்லும், அதைத் தாண்டிப் போகாதீர்கள். பூனைக்கு என்ன லாபம் என்று கேட்ட குழந்தைக்கு அங்கிருந்தே பதில் கிடைக்கத் தொடங்கிவிடும்.